பெயர் ஒட்டாத ரத்தம்

தி. நகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் ஒரு மெஸ். மதியத்துக்குச் சுறாப்புட்டு போடுகிறார்கள். பூண்டும் பச்சை மிளகாயும் சேர்ந்து புட்டாகி இலைக்கு வந்துவிட்டால் அது பரம சாது. அதற்கு முன்னால், துண்டுகள் மஞ்சள் தண்ணீரில் முதல் கொதி காணும்போது, சமையல்கட்டிலிருந்து ஒரு வாடை புறப்பட்டு வரும். மூக்கின் உச்சியில் ஊசி ஏற்றும் வாடை. போன வாரம் அது என்னை நடுச்சந்தில் பிடித்து நிறுத்தியது. துணிப்பைகளோடு ஓடுகிற கூட்டம் தோளை இடித்துத் திட்டியது. நான் அங்கே இல்லை. அடையாறில், ஒரு மூன்றாம் மாடிக் கதவு திறந்துகொண்டிருந்தது.

“நாத்தம் இல்ல. யூரியா.”

அந்த அம்மாள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. அன்றுதான் எதிர் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருந்தேன். பால் காய்ச்சி ஒரு தம்ளர் கொடுக்கப் போனவன், என்னை அறியாமல் மூக்கைச் சுளித்திருக்க வேண்டும்.

“சுறாவோட ரத்தத்துல யூரியா ஜாஸ்தி. கடல் உப்புக்கு ஈடு கொடுக்கணும் இல்லையா? செத்தா அது அம்மோனியாவா மாறும். அவ்வளவுதான். பால் எதுக்கு?”

“புது வீடு...”

பாலை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாய்த்து, பார்த்து, அதற்குப் பிறகுதான் குடித்தார்.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மேடம். பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. பெயர் வைத்த நிமிடத்தில் மனிதர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் உறுப்பினர் அவர் ஒருவர்தான். என்னைக் கடைசிவரை ‘எதிர் வீடு’ என்றே கூப்பிட்டார். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ‘முதல் மாடி’. முதல் மாடிக்கு இது பிடிக்காது. வாசல் பலகையில் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்களைப் பித்தளையில் பதித்திருந்த மனிதர் அவர்.

மேடம் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். ஆய்வகத்தை எடுத்துவிட்டு அங்கே பெரிய திரை மாட்டியபோது, ஐம்பத்தி சொச்ச வயதில், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். வரும்போது கழித்துப்போட்ட நுண்ணோக்கி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மின்சாரம் வேண்டாத பழைய மாடல். அடியில் ஒரு சின்னக் கண்ணாடி, அதைத் திருப்பி வெயிலைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது படுக்கையறையில் ஒரு மேசை, சாயக் குப்பிகள், அந்த நுண்ணோக்கி, அவர். பார்ப்பது ஒன்றே ஒன்று: சுறாவின் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள். அவற்றின் வடிவம் என்ன, உள்ளே என்ன ரசாயனம் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. “இதனால என்ன பிரயோஜனம் மேடம்?” என்று கேட்காதவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. “இன்னும் பார்த்து முடிக்கலையே” என்பார். கேட்டவர் லிஃப்டுக்குள் போய்ச் சிரிப்பார்.

நான் சிரிக்கவில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்திப் பிழைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் எதைக் கண்டாலும் எதையாவது போல இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். அவர் ஒருநாள் என்னைக் குனிய வைத்துக் காட்டினார். ஒரு வட்ட வெளிச்சம். அதில் இளஞ்சிவப்புக் கூட்டம் ஒன்று மிதக்க, நடுநடுவே இவை. ஒன்றின் வயிற்றில் சீரகம் சிதறியது போல நீளத் துகள்கள். இன்னொன்றில் கடுகு. வேறொன்றில் ஒன்றுமே இல்லை, ஊதா நிறத்தில் ஒரு மௌனம் மட்டும்.

“நிலா மாதிரி இருக்கு மேடம்.”

“நிலாவுக்குள்ள நியூக்ளியஸ் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப நிலா மாதிரி இல்ல.”

சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்துதான் என்பது எனக்குத் தெரியும். எலும்பில்லாதபோது மஜ்ஜையும் இல்லை, மஜ்ஜை இல்லாதபோது வெள்ளணு எங்கே பிறக்கும் என்று நான் யோசித்ததில்லை. உணவுக்குழாய்ச் சுவருக்குள் அதற்கென்று ஓர் உறுப்பு வைத்திருக்கிறதாம். விழுங்குகிற வழியிலேயே காவல்காரர்களைப் பெற்றுப்போடுகிற பிராணி! அன்று இரவு நான்கு வரி எழுதினேன். மறுநாள் படித்துக் காட்டினேன். “சூலகத்துப் பக்கத்துல இன்னொரு உறுப்பு இருக்கே, அதை ஏன் விட்டுட்டீங்க?” என்றார்.

வெள்ளணுக்களை அவர் ‘முதலாவது’, ‘இரண்டாவது’, ‘மூணாவது’, ‘அந்த இன்னொண்ணு’ என்றே சொல்வார். உலகத்தில் அவற்றுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தாராளமாக இருக்கிறது. ஒரே அணுவுக்கு ஒரு நாட்டில் ஒரு பெயர், பக்கத்து நாட்டில் வேறு பெயர், மூன்றாவது நாட்டில் எண். மனிதனுக்கு வைத்த பெயர்களை எடுத்துச் சுறாவுக்கு மாட்டிவிட்டதுதான் தகராறு என்பார் மேடம். “மனுஷனோட அணுவுல பெராக்சிடேஸ் சோதனை பண்ணினா பழுப்பா நிறம் வரும். இதுல முதலாவதுக்கு வரலை. இரண்டாவதுக்கு வந்தது. அந்த இன்னொண்ணு ஒருநாள் வருது, ஒருநாள் வரலை. இதுக்குப் போய் எந்தப் பேரை வைக்கறது?” நட்சத்திர ஹோட்டலில் நடந்த ஒரு கருத்தரங்கில், திரையில் ஓர் அணுவைக் காட்டி அதன் பெயரைக் கம்பீரமாகச் சொன்ன இளைஞரிடம், கடைசி வரிசையிலிருந்து எழுந்து, “அது உங்ககிட்ட சொல்லிச்சா?” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு கருத்தரங்குகள் அவரைக் கூப்பிடவில்லை. மதிய உணவு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

விடிவதற்குள் பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போவார். ஓரமாக இருக்கும் குப்பத்தில் படகு கரையேறும். வலையில் சின்னப் பால்சுறா இருந்தால், உயிர் அடங்குவதற்குள் அதன் வாலடியில் ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கோ குளிர்பெட்டிக்கோ வர வேண்டும். அதற்காகத்தான் அடையாறில் வாடகை. கடலைவிட்டுத் தள்ளிப் போனால் வேலை இல்லை. இரண்டு முறை நானும் கூடப் போனேன். அங்கே அவருக்கு ஊசிக்காரம்மா என்று பெயர்.

“இன்னா மேடம், இன்னிக்கும் ரத்தந்தானா? ஒரு நாளு கொயம்புக்கு வாங்கினு போனா இன்னாவாம்?” என்றாள் மீன்காரம்மா.

“ரத்தம் போதும்.”

“துடிச்சிக்கினு கீது, சீக்கிரம் குத்து. ஆமா மேடம், எங்கூட்டுக்காரரையும் ஒரு வாட்டி குத்திப் பாரேன். உள்ள ஓடுறது ரத்தமா சாராயமான்னு தெரிஞ்சிக்கினா தேவல.”

“வரச் சொல்லுங்க. பார்க்காம சொல்லமாட்டேன்.”

மணலே குலுங்குகிற மாதிரி அவள் சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை. உண்மையாகவே வரச் சொல்லியிருந்தார்.

இதுதான் அவர். மழை வருமா மேடம் என்று காவலாளி கேட்டால் மொட்டை மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். அதற்குள் மழையே வந்திருக்கும். அணுக்களைக் கழுவுவதற்கு மருந்துக்கடை உப்புக்கரைசல் உதவாது; சுறாவின் அணுக்கள் அந்த நீர்த்த உப்பைத் தாங்காமல் ஊதி வெடிக்கும். உப்பும் யூரியாவும் சேர்த்துத் தானே கலக்கிக்கொள்வார். செடி விற்கும் கடையில் யூரியா கேட்டபோது கடைக்காரர், “ரோஜாவுக்கா மேடம்?” என்றார். “ரத்தத்துக்கு.” கடைக்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வெகுநேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி முதல் மாடி. செயலாளர் வேலையில் இருந்தபோது தணிக்கைத் துறை. ஓய்வுக்குப் பிறகு தன் உடம்பையே தணிக்கை செய்துகொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. வந்த அறிக்கையைக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கொழுப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, கீழே ஒரு வாசகம்: ‘ஒழுக்கமே ஆரோக்கியம்.’ தீபாவளி வாழ்த்துக்கு வருவதுபோல நாற்பது கும்பிடுகள் வந்து விழும். சுத்த சைவம். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கும் வாடை தன் பூஜையறை வரை வருகிறது என்று மேடத்துக்கு ஏற்கெனவே இரண்டு முறை சங்கத்தின் சார்பில் எச்சரிக்கை அனுப்பியிருந்தார். மூன்றாவது புகார் வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வேன் என்று அமெரிக்காவில் இருந்த வீட்டுக்காரரும் எழுதியிருந்தார்.

தொற்றுக்காலம் முடிந்து, எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி என்ற ஒரே மந்திரம் நாக்கில் தொங்கிய சமயம். டை கட்டிய ஒருவர் எங்கள் சங்க அறைக்கு வந்து, சுறாவின் குருத்தெலும்பை அரைத்து அடைத்த மாத்திரைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். “சுறாவுக்கு மட்டும் கேன்சரே வராது. ஏன்? யோசிச்சுப் பாருங்க!” எல்லோரும் யோசித்தோம். பின்னாலிருந்து ஒரு குரல்.

“வரும். கட்டியோட பிடிச்ச சுறாவைப் பார்த்தவங்க எழுதி வச்சிருக்காங்க.”

அறை முழுக்க மேடத்தைத் திரும்பிப் பார்த்தது, கல்யாண வீட்டில் தும்மியவரைப் பார்ப்பதுபோல. டை கட்டியவர் அசரவில்லை. “மேடம் சொல்றது கடல்ல. நாங்க சொல்றது மாத்திரைல” என்றார். கைதட்டல். அன்று கொண்டுவந்த பெட்டி முழுவதும் விற்றுப்போனது. செயலாளரும் வாங்கினார்.

“சார், அது சுறா” என்றேன்.

“மருந்துன்னா தோஷம் இல்லை ஓய்,” என்றார், குரலைத் தழைத்துக்கொண்டு. “மாமிகிட்ட மட்டும் சொல்லிண்டு இருக்காதேயும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். குடியிருப்பில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம். தி. நகரிலிருந்து ஒரு பரிசோதனைக்கூடத்தின் வண்டி வந்து, சங்க அறையில் மேசை போட்டு, ஊதா மூடிக் குப்பிகளில் ரத்தம் எடுத்தது. எடுத்த குப்பிகளில் பெயர் ஒட்டி, வண்டி கிளம்பும்வரை சங்கத்தின் சின்னக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைச் சுண்டலும், மிஞ்சிய பானகமும், செயலாளரின் இளநீரும் குடியிருக்கும் பெட்டி அது.

முதல் ரத்தம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று செயலாளர் விடிவதற்குமுன் வந்து உட்கார்ந்துவிட்டார். பெயர்த்துண்டு அச்சடிக்கும் இயந்திரம் இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. “லேபிள் அப்புறம் ஒட்டிக்கலாம், முதல்ல என்னுது எடும்மா” என்று கையை நீட்டி, எடுத்த குப்பியைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் பெட்டிக் கதவில் செருகிவைத்துவிட்டு, நடைப்பயிற்சிக்குப் போனார்.

அதே காலையில் மேடம் கடற்கரையிலிருந்து வந்தார். வானம் மூடிக் கிடந்தது, நுண்ணோக்கிக்கு வெயில் இல்லை. குளிரில் வைக்கலாம் என்றால் மூன்றாம் மாடியில் மின்சாரமும் இல்லை. ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் சங்க அறைக்கும் மட்டும். தன் சுறா ரத்தத்தை அதே பெட்டிக் கதவில் செருகிவைத்துவிட்டு மாடி ஏறினார். ஊதா மூடிக் குப்பி. அதன் மேல் பெயர் இல்லை. எப்போதுமே இருக்காது. ஒரு நேரத்தில் ஒரு குப்பிதான் வைத்திருப்பார். அதில் எழுதினால் பிறகு எழுத்தைத்தான் பார்ப்போம் என்பார். கிளம்பும் அவசரத்தில் பரிசோதனைக்கூடப் பெண் மிச்சமிருந்த ஒரே பெயர்த்துண்டை, கைக்கு அகப்பட்ட பெயரில்லாத குப்பியில் ஒட்டி எடுத்துப் போய்விட்டாள். சாயங்காலம் வெயில் எட்டிப் பார்த்தது, மின்சாரமும் வந்தது. மேடம் இறங்கிப் போய், பெட்டிக் கதவில் இருந்த ஒரே ஊதா மூடிக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“எதிர் வீடு! இங்க வாங்க.”

அவர் என்னை வாசலில் வந்து உரக்கக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. குனிந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு வட்டங்கள். ஒவ்வொன்றும் நடுவில் வெளிறி, ஒன்றுமில்லாமல்.

“நியூக்ளியஸ் எங்க?” என்றார் மேடம். “சுறாவோட சிவப்பணு ஒவ்வொண்ணுக்குள்ளயும் நடுவுல ஒண்ணு இருக்கணும். காலைல ஓடிக்கிட்டிருந்த மீன் சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் தொலைச்சிடுமா?”

“அப்ப இது?”

“சுறா இல்ல. மனுஷ ரத்தம் மாதிரி இருக்கு.” அவர் ஒன்றை ‘மாதிரி இருக்கு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவ்வளவு கலங்கியிருந்தார். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சாயங்கால வெளிச்சத்தின் கடைசிச் சொட்டு வரை பிடித்து, வெள்ளணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். எண்ணிக்கை சரி, வடிவம் சரி. “யாரோ தெரியலை. ஆனா இந்தக் கண்ணாடி மேல வியாதி எதுவும் தெரியலை” என்றார்.

யார் என்பது மறுநாள் தெரிந்தது. காலையில், முதல் மாடியிலிருந்து மாமியின் அழுகை படியேறி வந்தது. பரிசோதனைக்கூடத்திலிருந்து ஃபோன், பின்னாலேயே அறிக்கை: வெள்ளணு எண்ணிக்கை லட்சக்கணக்கில், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கவும், ரத்தப் புற்றாக இருக்கலாம்.

ஒரு மனிதர் ஒரே பகலில் அவ்வளவு நல்லவராகி நான் பார்த்ததில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது என்று தான் போட்ட தடையைச் செயலாளரே நீக்கினார். பல காலமாக நீதிமன்றம்வரை போகவிருந்த கார் நிறுத்தும் இடத்தை இரண்டாம் மாடிக்காரருக்கு விட்டுக்கொடுத்தார். வாட்ஸ்அப் குழுவில், ‘அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளை மன்னிக்கவும்’ என்று எழுதினார். அவருடைய அறிக்கை என்றால் வழக்கமாகப் போடும் கைப்பழக்கத்தில் ஒருவர் ‘வாழ்த்துகள் சார், இளைய தலைமுறைக்கு நீங்கள் முன்மாதிரி’ என்று போட்டுவிட்டு, அழித்தார். வீடு முழுக்க வருகையாளர்கள். சிலர் பழம் கொண்டுவந்தார்கள். சிலர் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தார்கள்.

அன்று வெளியே போயிருந்த மேடம் சாயங்காலம்தான் திரும்பினார். ஃபோன் விஷயத்தைக் கேட்ட மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படியிறங்கும்போதே எனக்கும் சொன்னார். நான் அவர் முன்னால் போய் நின்று மறித்தேன்.

“மேடம், மிஷின் தப்பு, இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணுங்கன்னு மட்டும் சொல்லுங்க. போதும். ஃப்ரிட்ஜ் பத்திப் பேச வேண்டாம். மூணாவது புகார். வீடு போயிடும்.”

“மிஷின் தப்புப் பண்ணலையே. நியூக்ளியஸ் இருக்கிறதை எல்லாம் வெள்ளணுன்னு எண்ணச் சொல்லி வச்சிருக்காங்க. சுறாவோட சிவப்பணுவுலயும் நியூக்ளியஸ் இருக்கு. எண்ணிடுச்சு. ஒழுங்காத்தான் எண்ணியிருக்கு.”

“யாருக்குத் தெரியப்போகுது?”

“மிஷின் தப்புன்னா அந்தப் பொண்ணை வேலையைவிட்டு எடுப்பாங்க. அது என் குப்பி. வழி விடுங்க.”

கூடத்தில் செயலாளர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். நெற்றியில் விபூதி, காலடியில் ஆப்பிள். மேடம் அறிக்கையைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முழுவதும் படித்தார்.

“இது உங்க ரத்தம் இல்ல சார்.”

மாமி அழுகையை நிறுத்தினாள்.

“பின்ன யாரோடது?”

“சுறாவோடது.”

செயலாளரின் முகம் காகிதமாக வெளுத்தது. மேடத்தைக் கிட்டே வரச் சொல்லி சைகை காட்டி, மாமிக்குக் கேட்காமல், உதட்டை அசைக்காமல் கேட்டார்: “அந்த... மாத்திரையாலயா?”

“மாத்திரை தின்னா ரத்தம் சுறாவாகாது சார்,” என்று மேடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “உங்களோடது என்கிட்ட வந்துடுச்சு. என்னோடது உங்க பேருல போயிடுச்சு. உங்களோடதை நேத்து சாயங்காலம் பார்த்தேன். வியாதி எதுவும் தெரியலை. காலைல நான்தான் என் குப்பியை சங்க ஃப்ரிட்ஜ்ல வச்சேன். பேர் எழுதாதது என் தப்பு.”

உயிர் திரும்பி வந்த வீடு எப்படிச் சிரிக்கும் என்று பார்க்க நான் ஆசையாக நின்றிருந்தேன்.  மாமிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“எந்த ஃப்ரிட்ஜ்? நம்ம சுண்டல் வைக்கறதா?”

அவ்வளவுதான். ரத்தப் புற்று அந்தக் கூடத்தைவிட்டு ஒரே நொடியில் வெளியேறியது. அந்த இடத்தில் சுண்டல் வந்து உட்கார்ந்தது. போன வெள்ளிக்கிழமை யார் யார் சாப்பிட்டது, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைகளில் அதற்குள் என்னென்ன இருந்திருக்கும், பானகத்துக்குப் பரிகாரம் என்ன. செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவம், ஒருநாள் மகானாக இருந்துவிட்டு மறுபடி செயலாளராக வேண்டியிருந்தது.

வேறோர் இடத்தில் செய்த பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. அதே வாரம் அவசரக் கூட்டம். குளிர்பெட்டியைக் காவலாளிக்குக் கொடுத்துவிடத் தீர்மானம். அவருக்குத் தோஷம் ஒட்டாது என்று கருதப்பட்டது. மொட்டை மாடித் தடை திரும்ப வந்தது. இரண்டாம் மாடிக்காரர் கண்ணெதிரே செயலாளரின் கார் பழைய இடத்துக்கே போய் நின்றது. அமெரிக்காவுக்கு மின்னஞ்சல் போனது. மாதக் கடைசிக்குள் மேடம் காலி செய்ய வேண்டும்.

மிஞ்சிய நாட்களில் அடையாறிலும் பெசன்ட் நகரிலும் மேடம் வீடு தேடி அலைந்தார். நானும் சேர்ந்து அலைந்தேன். வேலையைச் சொல்லாமல் வீடு கேளுங்கள் என்றால் கேட்கமாட்டார். கதவைத் திறக்கும் ஒவ்வொருவரிடமும், “சுறா ரத்தம் பார்ப்பேன், யூரியா வாடை வரும்” என்று தொடங்குவார். கதவுகள் மரியாதையாக மூடின. கடைசியில் ராயப்பேட்டையில் அத்தர் வியாபாரம் செய்யும் ஒரு பாய் வீட்டு மாடி கிடைத்தது. “என் சரக்கு வாடைக்கு முன்னாடி உங்க வாடை நிக்காது மேடம், வந்துடுங்க” என்று சிரித்தாராம். நல்ல மனிதர். ஆனால் கடல் தள்ளிப்போய்விட்டது. காலை நெரிசலில் ரத்தம் மேசைக்கு வந்து சேருமுன் அணுக்கள் கலையத் தொடங்கிவிடும். அந்த இன்னொன்றை இனி எங்கே பார்ப்பது? நான் கேட்டேன். மேடம் புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்.  பதில் இல்லாதபோது அவர் சும்மா இருப்பார். நான்தான் அந்த இடத்தில் எதையாவது நிரப்புவேன். அன்று நிரப்பவில்லை.

கிளம்பும் நாள். சாமான் வண்டி முன்னால் போய்விட்டது. ஆட்டோவில் மேடம், மடியில் நுண்ணோக்கி, காலடியில் சாயக் குப்பிகள் வைத்த கூடை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் கிளப்பப் போன நேரத்தில் முதல் மாடி ஓடிவந்தார். சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இடது கை மோதிர விரலை ஆட்டோவுக்குள் நீட்டினார்.

“ஒரு சொட்டு பாத்துடுங்கோ மேடம்.”

“உங்களுக்குத்தான் நார்மல்னு ரிப்போர்ட் வந்துடுச்சே சார்.”

“வந்துடுத்து. அது என்னோடதுன்னு என்ன நிச்சயம்?” விரல் இன்னும் உள்ளே வந்தது. “தூக்கம் போயிடுத்து மேடம். எந்தப் பேப்பரைப் பாத்தாலும், இது யார் ஆத்து ரத்தமோன்னு தோண்றது. நாயோடதா, கோழியோடதா... நீங்க பொய் சொல்லமாட்டேள். என் கண்ணெதிர்ல எடுத்து, என் கண்ணெதிர்ல பாத்து சொல்லுங்கோ.”

தன் கையால் துரத்திய ஆளிடம் விரலை நீட்டிக்கொண்டு நின்றார் மனிதர். மேடம் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். துகள் என்ன நிறம் என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு இறங்கினார்.

காவலாளியின் மேசை காலியாயிற்று. ஊசி. ஒரு சொட்டு. கண்ணாடித் துண்டில் ஓர் இழுப்பு. சாயம், காத்திருப்பு, தண்ணீர். காவலாளி மேசைக்குப் பக்கத்தில் சுண்டல் பெட்டி புது உத்தியோகத்தில் உறுமிக்கொண்டிருந்தது. செயலாளர் அதைப் பார்க்காமல் நின்றார்.

“இன்னா சார், நடுரோட்டுல பிளட் டெஸ்ட்டா?” என்றார் ஆட்டோக்காரர். “வெய்ட்டிங் ஏறிக்கினே கீது, பாத்துக்க.”

“சித்த இருப்பா!” என்று செயலாளர் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

மேடம் சின்னக் கண்ணாடியைத் திருப்பி அடையாறின் வெயிலைப் பிடித்தார். குனிந்தார். பேருந்து போயிற்று, இளநீர் வண்டி போயிற்று, பள்ளிக்கூட வேன் போயிற்று. மாடியில் மாமி திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். மேடம் அவசரப்படவில்லை. சுறாவுக்குக் கொடுக்கிற நேரத்தை முதல் மாடிக்கும் கொடுத்தார். ஓரத்திலிருந்து ஓரம்வரை, வரிசை வரிசையாக, ஒன்றையும் தாண்டாமல்.

பிறகு நிமிர்ந்து, நுண்ணோக்கியை மடியில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வண்டி உறுமியது. செயலாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே இரண்டடி நடந்தார்.

“மேடம், நான் நன்னா இருக்கேனா?”

“இந்தக் கண்ணாடி மேல இருக்கற வரைக்கும் நல்லா இருக்கீங்க சார். மத்த இடத்துல நான் பார்க்கலை.”